இரண்டு நாலாம் எண்கள்

“அந்தப் படத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்க டாக்டர். ஒரு எண்ணைத் திருத்தணும்” என்றார் புகைப்படக்காரர், கையில் பென்சிலோடு.

மழையில் நகரும் குடைகளை உயரத்திலிருந்து எடுத்த படம். பத்தே பிரதிகள். ஒவ்வொன்றிலும் முன்பக்கம் எண்; பின்பக்கம், ‘பதினோராவது அச்சிட மாட்டேன்’ என்ற வாக்குறுதியும் கையெழுத்தும். பத்தும் விற்றுப்போன பிறகுதான் தவறைக் கவனித்தார். நாலாம் எண்ணை இரண்டு பிரதிகளில் போட்டிருந்தார். ஐந்தாம் எண்ணை எதிலும் போடவில்லை. வெளியே தெரிந்தால் இத்தனை வருஷம் சேர்த்த பேர் காற்றில் போய்விடும்.

“நாலை அஞ்சாக்கிட்டா வேலை முடிஞ்சுது டாக்டர்.”

“அதெப்படி?” என்றார் பல் மருத்துவர். “கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொன்னா, பக்கத்துப் பல்லைப் பிடுங்கிட்டு எல்லாம் ஒண்ணுதான்னு நான் சொல்லலாமா? நான் வாங்கினது நாலு.”

இன்னொரு நாலு ஒரு தலைமையாசிரியையிடம் இருந்தது. புகைப்படக்காரர் அங்கே ஓடினார்.

“அப்ப எதுங்க அசல் நாலு?” என்று கேட்டார் அந்த அம்மா, பரீட்சைத் தாளைப் பார்க்கிற பார்வையோடு.

“உங்களுதுதாம்மா.” சும்மா சொல்லிவைத்தார்.

“அதையே எழுதிக் குடுத்துடுங்க.”

எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் பல் வலி என்று போன அந்த அம்மா, வாயைத் திறப்பதற்கு முன்னால் மருத்துவரிடம் அந்தக் காகிதத்தைத்தான் நீட்டினார்.

கொதித்துப்போன மருத்துவரை அடக்க, ஐந்தாம் எண் போட்டுப் புதிதாக ஒரு பிரதி அச்சிட்டு, இலவசமாகவே அனுப்பிவைத்தார் புகைப்படக்காரர். அனுப்பிய பிறகுதான் விரல்விட்டு எண்ணினார். பதினொன்று.

விஷயம் பரவி, ஞாயிற்றுக்கிழமை காலை, வாங்கிய பத்துப் பேரும் அவர் வீட்டு வரவேற்பறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாம் எண்காரர் வக்கீல்.

“இத்தனை பேரை ஏமாத்திட்டீங்களே சார்” என்றார் அவர், ஒரு காகிதத்தை நீட்டி. “பதினோராவதைக் கிழிச்சாச்சு. இனிமே ஒரு பிரதிகூட வராதுன்னு இதுல கையெழுத்துப் போடுங்க. ஒண்ணு சொல்லிடறேன், இந்தப் படத்து மேல உரிமை அதை எடுத்தவங்களுக்குத்தான். அவங்க போட்டாத்தான் இது செல்லும்.”

புகைப்படக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

தேநீர்த் தட்டோடு வந்த அவர் மனைவி, தட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

“பேனாவை இப்படிக் குடுங்க. அன்னைக்கு ஏணி மேல ஏறிப் படம் எடுத்தது நான். நீங்க பயத்துல கண்ணை இறுக்க மூடிக்கிட்டுக் கீழ ஏணியைப் பிடிச்சிட்டுதானே நின்னீங்க?”