எட்டுக்கால் குற்றவாளி

“முதலடியை மட்டும் இன்னொரு தடவை பாடு. குரல்ல ஒரு நடுக்கம் கேட்குது.”

“எனக்கு ஒண்ணும் கேட்கலையே.”

“உனக்கு எப்படிக் கேட்கும்? ஹெட்போன் என் காதுலதானே இருக்கு!”

அவர் அச்சகத்தில் பிழைதிருத்துபவர். பிறர் எழுத்தில் ஓர் ஒற்று குறைந்தாலும் கல்லில் இடறியவர்போல் நின்றுவிடும் கண் அவருக்கு. அந்த நோய் இப்போது காதுக்கும் பரவியிருந்தது.

மறுநாள் காலை மனைவிக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை. “உயிருக்குப் பயமில்லை. குரல் பழையபடி இருக்குமான்னுதான் சொல்ல முடியாது” என்றிருந்தார் மருத்துவர். வைகறைதோறும் அவ்வீட்டை எழுப்பிய துதிப்பாடலை இன்றே பதிந்து காத்துவிட வேண்டும் என்று தவித்தார் அவர். அதற்கென்றே, மைக்கின் மெல்லொலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப் ஒன்றைத் தம் கையால் செய்திருந்தார். அதன் நெஞ்சம், ஆப்-ஆம்ப் என்னும் எட்டுக்கால் சில்லு. ஒன்றைக் கழற்றி வேறொன்றைச் செருகலாம். அந்த வசதிதான் வினையாயிற்று.

உள்ளறையில் மைக்கின் முன் மனைவி. அருகே சிவப்பு விளக்கெரியும் ப்ரீஆம்ப் பெட்டி. மருத்துவமனைக்குத் துணையாக வந்திருந்த அவள் தங்கை. முன்னறையில் கணினியோடு அவர்.

“சில்லுதான் அலைபாயுது. வேற போட்டுப் பார்ப்போம்” என்று உள்ளே வந்தார்.

இரண்டாம் சில்லில் நடுக்கம் போகவில்லை. துணைக்கு எண்ணெய் காய்வதுபோல் ஓர் இரைச்சலும் சேர்ந்தது. மூன்றாவது, வேகத்துக்குப் பேர்போனது. அது இறைவனைப் புகழும் அடியின் நடுவே, எங்கோ ஒரு வானொலியிலிருந்து வெங்காய விலையை இழுத்து வந்தது.

“சாமிக்கும் விலைவாசி தெரியட்டுமே அத்தான்” என்றாள் தங்கை.

அந்தச் சினத்தில் நான்காவதைத் தலைமாற்றிச் செருகிவிட்டார். ஒலி வரவில்லை, புகை வந்தது.

“தூபமும் காட்டியாச்சு. இனிமே பாட்டு ஒண்ணுதான் பாக்கி.”

“நீ வாயை மூடும்மா!”

நல்லவேளை, பெட்டி பிழைத்தது. முதல் சில்லையே மறுபடி பொருத்தினார். மனைவி வெந்நீரை உறிஞ்சினாள்.

“என்னங்க, அந்தச் சிவப்பு விளக்கு என்னையே முறைக்குதுங்க.”

“பதிவாகுதுன்னு சொல்லுது, அவ்வளவுதான். கவனமாப் பாடு. இதுதான் கடைசித் தடவைன்னு நினைச்சுக்கோ!”

அவள் டம்ளரை ஓசையில்லாமல் கீழே வைத்தாள். பாடினாள். இம்முறை நடுக்கம் முன்னிலும் மிகுந்திருந்தது.

அவர் சோர்ந்துபோனார். எஞ்சியிருந்தது, உறை பிரிக்காத ஒரு சில்லு, எல்லாவற்றிலும் உயர்ந்தது. ஆனால் அச்சகத்தில் ஒரு விதி உண்டு: தன் எழுத்தைத் தானே திருத்தலாகாது, கண், உள்ளதை விட்டு விரும்பியதையே படிக்கும். காதும் அப்படித்தானே?

புதிய சில்லைத் தங்கையிடம் நீட்டினார். “நீ மாத்து. இப்போ இருக்கிறதுல ஒரு தடவை, இதுல ஒரு தடவை. எது முதல்லங்கிறது உன் இஷ்டம். எங்கிட்ட மூச்சு விடாதே. மாத்தும்போது பெட்டியை அணைச்சுடு. புள்ளி இருக்கிற பக்கம்—”

“புகையைப் பார்த்தேனே அத்தான், தெரியும். போங்க.”

கதவு சாத்தப்பட்டது. முதற்பாட்டு: அதே நடுக்கம். அடுத்ததற்காக அவர் கதவைத் தட்டினார். ஹெட்போன் நெடுநேரம் ஊமையாகக் கிடந்தது. பின்பு குரல் வந்தது.

நிறைகுளத்து நீர் தானே மதகைக் கடப்பதுபோல் வந்தது. திருத்துவதற்கு அதில் ஏதுமில்லை. பாட்டு முடிந்தும் அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தங்கை கதவைத் திறந்து வந்தாள்.

“கேட்டியா? ஒரு துளி நடுக்கம் இல்லை! நான் அப்பவே சொன்னேன், கோளாறு சில்லுலதான்னு. புதுசுதானே அது?”

அவள் அவர் உள்ளங்கையில் ஒன்றை வைத்தாள். உறை பிரிக்காத சில்லு.

“எதையும் மாத்தலை அத்தான். பெட்டியை அணைச்சு, ‘அவர் வெளியே போயிட்டாரு, எனக்காக ஒரு தடவை பாடுக்கா’ன்னேன், அப்புறம் விளக்கைக் கைக்குட்டையால மூடி, அவளுக்குத் தெரியாம பெட்டியைத் திரும்ப ஆன் பண்ணினேன்.”