முக்கால் கிலோ தேக்குத் துப்பாக்கி

துப்பாக்கி வாங்க நினைக்கிறவனுக்கு முதலில் ஓர் எதிரி வேண்டும். எனக்கு அந்த எதிரி ஐம்பத்து மூன்றாம் வயதில்தான் கிடைத்தான். கிடைத்தபோது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பயத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. ஆனேக்கல் பக்கம் ஒரு வார்ப்பாலையில், பேட்டர்ன் பிரிவுக்கு நான் மேலாளர். இரும்பில் எதை வார்ப்பதாக இருந்தாலும் முதலில் அதே உருவத்தை மரத்தில் செய்து மணலில் பதிக்க வேண்டும். அந்த மர உருவத்துக்குத்தான் பேட்டர்ன் என்று பெயர். முப்பது வருடம் அந்த வேலை. (வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்குவதற்கு முன் அட்டையில் ஒரு ஃபிரிட்ஜ் செய்து சமையலறையில் ஒரு வாரம் நிறுத்திவைத்துப் பார்த்தவன் நான். என் மனைவி சரோஜா அதைச் சுற்றி நடந்தே சமைத்தாள்.)

ஒரு நாள், தேக்கு என்று சொல்லி வேறு எதையோ கொண்டுவந்த ஒரு லாரி மரத்தை நான் திருப்பி அனுப்பினேன். அடுத்த வாரம் காக்ஸ் டவுன் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. பெயரில்லை, கையெழுத்தில்லை. கன்னடத்தில் ஒரே வரி: ஜாக்கிரதையாக இரு.

கையில் பிடித்தபடி கூடத்தில் இரண்டு முறை நடந்தேன். நம்மையும் மதித்து ஒருவன் மிரட்டுகிறானே என்று நெஞ்சு விரிந்தது.

"துப்பாக்கி லைசென்சுக்கு எழுதிப் போடப் போறேன்" என்றேன்.

சரோஜா கடிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இருபத்தஞ்சு வருஷமா தினமும் காலையில வாசல்ல நின்னு நானும் இதைத்தானே சொல்றேன். அப்பல்லாம் துப்பாக்கி வாங்கத் தோணலியே உங்களுக்கு."

கமிஷனர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். விசாரணை முடியச் சில மாதங்கள் ஆகும் என்றார்கள். அதற்குள் எந்தத் துப்பாக்கி என்று முடிவு செய்துவிடலாம் என்று கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் வெள்ளைத் தாடி வைத்த ஒரு பாய். லைசென்ஸ் இல்லாமல் கையில் தரமாட்டேன், பார்க்க மட்டும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

"வெளியே தெரியாம சட்டைக்குள்ளே வெச்சுக்கிற மாதிரி வேணும்" என்றேன், குரலைத் தாழ்த்தி.

மூன்று எடுத்து வைத்தார். நீளக் குழலோடு ஒரு ரிவால்வர். குட்டைக் குழலோடு ஆறு குண்டு போடுகிற ரிவால்வர் ஒன்று. யாரோ விற்றுவிட்டுப் போன பழைய வெளிநாட்டுப் பிஸ்டல் ஒன்று, சீப்பு அளவு. நான் சட்டைப் பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்து அளக்க ஆரம்பித்தேன்.

பாய் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார். "அரே சார், நீங்க துப்பாக்கி வாங்க வந்தீங்களா, அதுக்குச் சட்டை தைக்க வந்தீங்களா?"

நடு ரிவால்வரின் எடை மட்டும் கேட்டுக்கொண்டேன். ஏறக்குறைய முக்கால் கிலோ என்றார்.

அன்று முதல், வேலை முடிந்த பிறகு பட்டறையில் தங்கி மூன்றையும் தேக்கில் செய்தேன். செய்தது தவறு என்று இன்று தெரிகிறது. ஆனால் நன்றாகச் செய்தேன், அதை மறைக்க மாட்டேன். குழலில் துளை, பிடியில் வரிவரியாகச் செதுக்கு, சுற்றுகிற சிலிண்டர். எடை சரியாக வர வேண்டுமே என்று உள்ளே குடைந்து ஈயம் ஊற்றினேன். மூன்று பூச்சு கறுப்பு அடித்தேன். (சாயம் பூசாத பேட்டர்ன் என் கையிலிருந்து போனதில்லை.)

பிறகு சோதனை. நீளக் குழலைச் சஃபாரி சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன். "ஏன் சார், இடுப்புப் பிடிப்பா?" என்று வாட்ச்மேன் விசாரித்தார். தள்ளுபடி. சீப்பு அளவுப் பிஸ்டல் பேன்ட் பையின் ஓட்டை வழியாக எங்கே விழுந்ததோ, இன்றுவரை தெரியாது. அதுவும் தள்ளுபடி. நடு ரிவால்வர் சஃபாரியில் தேறியது, பேன்ட் சட்டையில் தேறியது, ஸ்வெட்டரில் முதல் வகுப்பில் தேறியது. மீதி இருந்தது வேட்டி ஒன்றுதான்.

அந்தச் சோதனைக்கு நான் தேர்ந்தெடுத்த நாள், என் மகள் வித்யாவின் நிச்சயதார்த்தம்.

ஏன் என்று கேட்காதீர்கள். சரோஜா இன்றும் கேட்கிறாள். நான்கு பேர் கூடும் இடத்தில் தெரியாமல் இருந்தால்தானே அது மறைவு என்று அன்று எனக்கு ஒரு நியாயம் இருந்தது. வித்யாவுக்கு அது மூன்றாவது வரன். முதல் இரண்டும் தட்டிப் போயிருந்தன. இந்தப் பையனை அவளுக்கு மனதாரப் பிடித்திருந்தது. காலையில் பூ வைத்துக்கொண்டே, "அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அவங்க முன்னாடி எதையும் அளக்காதீங்கப்பா" என்று கெஞ்சினாள்.

"அளக்க மாட்டேன்மா" என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றினேன்.

பட்டு வேட்டிமேல் பெல்ட் கட்டப் போனேன். சரோஜா பிடுங்கி வைத்துவிட்டாள். "பட்டு வேட்டிக்கு மேல பெல்ட்டா? கறிக்கடை வைக்கப் போறீங்களா?" இடுப்பில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு அப்போது தெரியாது. வேட்டி மடிப்பில் இறுக்கிச் செருகி, மேலே ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. வெற்றி என்று நினைத்தேன்.

சம்பந்தி வேலூர்க்காரர். நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் கத்தி, கோடரி, கறை படிந்த துணி எல்லாவற்றுக்கும் எண் போட்டுச் சீட்டு ஒட்டிப் பூட்டி வைத்த மனிதர். காப்பி டம்ளரைக்கூடச் சாட்சியைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பார்.

தாம்பூலம் மாற்றும் நேரம். என் பக்கத்தில் தாய்மாமன் ஏழுமலை, சரோஜாவின் தம்பி. நீலசந்திராவில் குடியிருந்தான். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா, கரப்பான் பூச்சியைக்கூட முறத்தில் ஏந்தி வெளியே விடுகிறவன். அவன் கையில் ஒரு தட்டு, என் கையில் ஒரு தட்டு. தேங்காய், பழம், வெற்றிலை, மேலே சேலை. இரண்டு கையாலும் ஏந்தித்தான் கொடுக்க வேண்டும், அதுதான் முறை. முப்பது வருட அனுபவம், மூன்று பேட்டர்ன், ஒரு வெர்னியர், இத்தனையும் வைத்துக்கொண்டு நான் யோசிக்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான். இரண்டு கையும் தட்டில் இருந்தால் இடுப்பை எந்தக் கையால் பிடிப்பது?

எழுந்து நின்றதும் ஈயம் தன் வேலையைத் தொடங்கியது. மடிப்புக்குள்ளிருந்து தொடை, தொடையிலிருந்து முழங்கால். நான் முழங்கால்களைச் சேர்த்து இறுக்கினேன். (அந்தக் கோலத்தில் எடுத்த புகைப்படம் ஆல்பத்தில் இருக்கிறது. அவசரமாகப் பின்கட்டுக்குப் போக வேண்டியவன் மாதிரி நிற்கிறேன்.) "கொஞ்சம் முன்னாடி வாங்க" என்றார் ஐயர். ஒரு அடி வைத்தேன்.

சிவப்புத் தரையில் டங்கென்று விழுந்தது. எனக்கும் ஏழுமலைக்கும் நடுவில், சம்பந்தியின் கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் தள்ளி.

நான்கு அத்தைமார் சுவரோடு ஒட்டினார்கள்.

"யாரும் தொடாதீங்க" என்றார் சம்பந்தி. குரலில் பயமே இல்லை, பழைய பணிக்குத் திரும்பிய நிம்மதிதான் இருந்தது. "இது யாருது?"

என்னுடையது என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். வித்யாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. சரோஜா என்னைப் பார்த்தாள். என் வாய் திறக்கவில்லை. வீரனாக ஆவதற்காக இத்தனை பாடுபட்டவன், தட்டிலிருந்த வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னுதுங்க" என்றான் ஏழுமலை.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். "விளையாட்டுச் சாமானுங்க. மரம்தான். குழந்தைக்கு."

சம்பந்தி கைக்குட்டையால் அதைத் தூக்கினார். "பையனுக்கா? எங்க இருக்கான்?"

"பையன் இல்லீங்க. ரெண்டும் பொண்ணுங்க."

"பொண்ணுங்களுக்கு எதுக்குத் துப்பாக்கி?"

"பொண்ணுங்க எத்தனை நாளைக்குத்தாங்க சொப்பே வெச்சு விளையாடும்?"

சம்பந்தியம்மா முதலில் சிரித்தார். "நல்ல தாய்மாமன்தான் கிடைச்சிருக்காரு போங்க" என்றார். அதோடு அத்தைமாரும் சுவரை விட்டு நகர்ந்தார்கள்.

சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. சிலிண்டரைச் சுற்றினார், குழலைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "நான் பார்க்காத துப்பாக்கியா? இவ்வளவு நேர்த்தியா ஒருத்தன் மரத்துல செஞ்சிருக்கான் பாருங்க. கை, நல்ல கை. பிடி மட்டும் ஒரு நூல் தடிப்பாப் போயிடுச்சு."

என்னால் பொறுக்க முடியவில்லை. "இல்லீங்க, பிடி சரியா இருக்கு. வெர்னியர்ல…"

சரோஜா இருமினாள். அதுவரை அப்படி ஒரு இருமலை நான் கேட்டதில்லை.

சம்பந்தி என்னை ஒரு நிமிடம் நிதானமாகப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் துப்பாக்கியை ஏழுமலையிடம் நீட்டினார். "உரியவர்கிட்ட ஒப்படைக்கிறேன். ஐயரே, தாம்பூலத்தை ஆரம்பிங்க."

தாம்பூலம் மாறியது. அடுத்த தை மாதம் கல்யாணமும் நடந்தது. நடுவில் போலீஸ் விசாரணைக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வந்து கடிதத்தைப் படித்தார். "நல்ல விஷயம்தானே சார் எழுதியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். லைசென்ஸ் வரவில்லை, நானும் கேட்கவில்லை. என் மகள் நன்றாக வாழ்கிறாள். அது என் பெருமை. அதை எனக்கு வாங்கித் தந்தது ஏழுமலையின் ஒரு பொய். அது என் குற்றம்.

அன்றிலிருந்து அவன் பெயர் துப்பாக்கி மாமா. கல்யாணத்தில் தாய்மாமன் மாலை போடும்போது, "பார்த்துப்பா, இடுப்புல இருக்கப் போகுது" என்று மாப்பிள்ளை வீட்டார் கேலி செய்தார்கள். தலை குனிந்து சிரித்தான். கல்யாணம் முடிந்த இரவே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மாமா. எனக்கு இதுவரைக்கும் யாரும் பட்டப்பேரே வெச்சதில்லை" என்றான்.

போன வருடம் பேத்தியின் பிறந்தநாள் சாப்பாட்டில், எல்லோரும் இருக்கும்போது, எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். விழுந்தது என் வேட்டியிலிருந்து, செய்தது என் கை என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். "சும்மா இருங்க மாமா. உங்களுக்கு ஏது அந்தத் தைரியம்?" என்றார் மாப்பிள்ளை. ஏழுமலையைப் பார்த்தேன். அவன் பாயசத்தில் முந்திரி தேடிக்கொண்டிருந்தான்.

அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

துப்பாக்கி இப்போது நீலசந்திராவில் அவன் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு அதை இறக்கிச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். நாங்கள் வருடா வருடம் போகிறோம். இந்த முறையும் குனிந்து பார்த்தேன். இத்தனை வருடத்தில் ஒரு விரிசல் இல்லை, ஒரு மூட்டு விடவில்லை. பிடியை மட்டும் ஒரு தடவை தடவிப் பார்க்கக் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க தாத்தா" என்றாள் பேத்தி. "துப்பாக்கி மாமாவுது. உங்களுக்குப் பிடிக்கத் தெரியாது, கீழ போட்டுடுவீங்க."

கையை எடுத்துக்கொண்டேன்.