ராசாவுக்கு மாலை போட்ட விபரம்

போர்கோ வெக்கியோ,
பலெர்மோ.
வியாழக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் றோபேட் அவர்கட்கு,

மடு மாதாவின் கிருபையால் நான் நல்ல சுகம். நீரும் என் தங்கச்சி செலஸ்ரீனாவும் பிள்ளைகளும் மன்னாரில் அவ்விதமே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். சுகம் ஒன்றுதான் மிச்சம், மற்றதெல்லாம் கெட்டுப்போச்சு. அடுத்த மாதம் நான் ஒரேயடியாக ஊருக்கு வருகிறேன். பின்னறைக்கு வெள்ளை அடித்து வைக்கவும். காரணம் கிரேக்க நாட்டு அரசியல். சிரியாமல் முழுக்க வாசியும்.

நான் ஒன்பது வருசமாகப் பராமரிக்கிற இரண்டு பேரும் இத்தாலியர் அல்ல, கிரேக்கர். அண்ணன் சிஞ்ஞோர் தனாசிஸுக்கு எண்பத்தொன்பது வயது, தங்கை சிஞ்ஞோரா எவாந்தியாவுக்கு எண்பத்தாறு. இருவரும் அறுபத்தேழாம் ஆண்டு நாட்டைவிட்டு ஓடி வந்தவர்கள். ஆட்சியைப் பிடித்த இராணுவத்துக்கு ராசா சத்தியப்பிரமாணம் செய்து வைத்தாரே என்ற கோபத்தில் தங்கை ஓடி வந்தா. அதே ராசா பிறகு அந்த இராணுவத்தை எதிர்க்கப்போய், தோற்று, ரோமுக்கு ஓடினபோது, ராசா இல்லாத நாட்டில் எனக்கென்ன வேலை என்று அண்ணன் ஓடி வந்தார். அன்றைக்குத் தொடங்கின சண்டை, மச்சான். காலமைக் கோப்பியோடு, ராசாவைத் திருப்பி அழைத்த நாற்பத்தாறாம் ஆண்டு வாக்கெடுப்பு. பத்து மணிக்கு, அறுபத்தோராம் ஆண்டுத் தேர்தலில் கள்ளவாக்கு மலிந்து மரங்களும் வாக்குப் போட்டதென்று அவ சொல்லுவா. மத்தியானம் எழுபத்துநாலாம் ஆண்டு வாக்கெடுப்பு: நூற்றுக்கு அறுபத்தொன்பது பேர் ராசா வேண்டாம் என்றது. "மிச்ச முப்பத்தொரு பேரும் மனிசர் இல்லையோ?" என்று கிழவர் கரண்டியால் மேசையில் அடிப்பார்.

சமையலும் வாக்கெடுப்புத்தான். அவர்களின் இரண்டு வாக்கும் ஒருநாளும் ஒன்றுசேராது, ஆகவே என் ஒரு வாக்கில்தான் அடுப்பு எரியும். போன மாதம் அவவுக்குப் பருப்பு என்று சொல்லிவிட்டு, கிழவர் கெஞ்சினாரென்று மீன் பொரித்துப்போட்டேன். அறுபத்தைந்தில் மந்திரிப் பதவிக்காகக் கட்சி மாறின எம்பிமாரின் பெயர்களை அவ ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் சுவாம்பிள்ளை என்று என் பெயரையும் சேர்த்தா.

இனி விசயத்துக்கு வாறன். போன ஞாயிறு அவ சந்தைக்குப் போன நேரம் அலுமாரி துடைத்தேன். பழைய படுக்கை விரிப்புக்குள் சுற்றி, சட்டம் போட்ட ஒரு படம். சீருடை போட்ட வடிவான இளந்தாரி. இவையளுக்குச் சண்டையில் செத்த ஒரு தம்பி இருந்திருக்கிறான், துக்கம் தாங்காமல் ஒளித்து வைத்திருக்கினம் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிப்போச்சு. சண்டையில் பிள்ளைகளைக் குடுத்த சனம் நாங்கள், இப்படி அலுமாரிக்குள்ளயா வைக்கிறது? துடைத்து, கூடத்தில் மாட்டி, காலஞ்சென்ற எங்கட அப்புவின் படத்துக்கு வாங்கி மிஞ்சியிருந்த பிளாஸ்ரிக் மல்லிகை மாலையைப் போட்டு, சின்னச் சிவப்பு பல்பும் கொளுவிவிட்டேன். கிழவர் தடியை ஊன்றி வந்தார், பார்த்தார், கதிரையில் இருந்தார். மாலையின் அர்த்தம் அவருக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்புவின் படத்தைக் காட்டி, செத்தவைக்குத்தான் போடுறது என்று நானே விளங்கப்படுத்தினனான்.

"எப்ப?" என்று கேட்டார்.

"அது நீங்களெல்லோ சொல்ல வேணும், சிஞ்ஞோர்?" என்றேன்.

அந்த நேரம் பார்த்து அவ உள்ளே வந்தா. கையிலிருந்த தோடம்பழமெல்லாம் நிலத்தில் உருண்டது. என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டுபோய்ச் சொன்னா: "அது ராசாவடா! இரண்டாயிரத்து இருபத்துமூண்டு தை மாதம் செத்தவர். அண்ணைக்குத் தெரிஞ்சா நெஞ்சு வெடிச்சுப்போம் எண்டு ரீவியைப் பழுதாக்கி, பேப்பரைக் கிழிச்சு, உயிரோட இருக்கிற ஆளைப் பேசுற மாதிரி நாள்தோறும் பேசிக்கொண்டு வாறன். வாழ்நாள் முழுக்க அவரை விரட்டின நான்தான் கடைசியில அவரைக் காப்பாத்தி வைச்சிருந்தனான். நீ ஒரு மாலையால கொண்டுபோட்டாய்."

நாலு நாளாகக் கிழவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். சூப்பு மட்டும் இரண்டு வாய். இங்கே தங்க எனக்கிருக்கிற அனுமதி, பெர்மெஸ்ஸோ, இருபதாம் தேதியோடு முடியுது. புதுப்பிக்க வேலை ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து வேணும். கடதாசியை நீட்டினேன், திரும்பியும் பார்க்கேல்லை. கடதாசி கிடக்கட்டும், ஒன்பது வருசம் குளிப்பாட்டின மனிசன் முகம் பாராமல் கிடக்கிறதுதான் எனக்குத் தாங்கேலாமல் இருக்கு. சனிக்கிழமைக்குள் அவர் எழும்பாவிட்டால் நான் போகவேணுமாம், அவ சொல்லிப்போட்டா. அவ சொன்னது நியாயம்தான்.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். பங்குச் சுவாமியிடம் எனக்காக ஒரு பூசை கேட்கவும். மாதா உங்கள் எல்லோரையும், முக்கியமாக அரசியலிலிருந்து, காப்பாற்றுவாராக.

இப்படிக்கு,
பலெர்மோவை விட்டு வெளிக்கிட்ட மச்சான்,
சுவாம்பிள்ளை

பி.கு.: வெள்ளை அடிக்க வேண்டாம். கடிதத்தை ஒட்டப்போன நேரம், அவ மருந்துக்கடைக்குப் போயிருக்க, கிழவர் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். "ராசா செத்த அண்டைக்கே எனக்குத் தெரியும். தலகாணிக்குக் கீழ றேடியோ இருக்கு. எனக்குத் தெரியுமெண்டு எவாந்தியாவுக்குச் சொல்லேல்லை. அவளுக்கிருக்கிற ஒரே எதிரி அவர்தான். அவர் இல்லையெண்டா அவள் காலமை என்னத்துக்கு எழும்புறது? இப்ப, முதல்தரம் கேள்விப்பட்டவன் மாதிரி முகத்தை வைச்சிருக்கத் தெரியாமல்தான் சுவரைப் பாக்கிறன்" என்றார். கையெழுத்தும் போட்டுவிட்டார். ஒரு நிபந்தனை: எங்கட ஊரில் உயிரோடு இருப்பவரின் படத்துக்கும் மாலை போடுறதுதான் என்று அவவுக்கு முன்னால் நான் அவருக்குச் சொல்ல வேணும், அவர் நம்பவேணும், அவர் நம்பினதை அவ நம்பவேணும். ஆதாரம் கேட்பா. ஆகையால் இன்றைக்கே உம்முடைய படத்தைக் கூடத்தில் மாட்டி, மாலை போட்டு, சிவப்பு பல்பும் கொளுவி, பக்கத்தில் நீர் சிரித்துக்கொண்டு நின்று படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பும். செலஸ்ரீனா அழுதால், கிரேக்க முடியாட்சிக்காக என்று சொல்லும். நீர் ஒன்றுக்கும் பயப்படாதேயும், செத்தபிறகும் ராசா இந்த வீட்டில் இரண்டு வருசத்துக்கு மேல் உயிரோடுதான் இருக்கிறார்.