குரும்பகரத்தில் விளைந்த கிரேக்கத் தீவு

உலக நாகரிக வரலாற்றில் கிரேக்கத்துக்கு அடுத்த இடம் காரைக்கால் பக்கத்துக் குரும்பகரத்துக்குத்தான். 1978 தை மாதம், அயல்பயிர் வளர்ச்சிக் கழக அதிகாரி திருஞானசம்பந்தம் அங்கே அசிர்த்திகோ நட்டார். கிரேக்கத் தீவு ஒன்றில் விளையும், வெள்ளை ஒயினுக்கான திராட்சை அது.

"அங்க கடல் காத்து, உப்பு, மணல். காரைக்கால்லயும் அதேதான். பத்துப் பொருத்தமும் பொருந்துது!" என்றார்.

தங்கையனுக்கு இதில் தனிப் பெருமை. சோதனைத் தோட்டம் அவன் வயலை ஒட்டியது. இரண்டுக்கும் ஒரே மதகு. அவனுக்கு இருந்ததும் அந்த ஒரே வயல்தான்.

அசிர்த்திகோவைப் பந்தலில் ஏற்றக் கூடாதாம். காற்று அடிக்காமல் தரையிலேயே வளைத்துக் கூடையாகப் பின்ன வேண்டுமாம். பின்னினார்கள். தங்கையன் மனைவி அஞ்சுகத்தின் கோழி அதற்குள் அடைகாக்க உட்கார்ந்தது. அதிகாரி அதை "பொதுமக்களின் ஒத்துழைப்பு" என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார்.

ஆவணியில் கொடியின் இலை பழுத்தது. அந்தத் தீவில் தண்ணீர் கிடையாது என்பது அப்போதுதான் அதிகாரிக்கு நினைவு வந்தது. மதகைப் பூட்டினார். தங்கையனின் குறுவை கதிர் விடும் நேரம்.

அவன் ஓடினான். "ஐயா, இது கடைமடைங்க. சுத்தியும் தண்ணி நிக்கிற ஊரு. இங்க போய் வயலக் காயப் போடுறீங்களே!"

"அந்தத் தீவச் சுத்தியும் தண்ணிதான்யா."

"அது கடலுங்களே!"

"பாத்தியா, நீயே ஒத்துக்கிட்ட."

"நெல்லு கருகுதுங்க. ஒரு நாளாவது தொறந்து விடுங்க."

"ஒயினுக்கு வேர் தவிக்கணும் தங்கையா. தவிச்சாத்தான் ருசி."

"தவிக்கிறது நாங்கல்ல?" என்றாள் பின்னாலேயே வந்த அஞ்சுகம். "எங்களப் பிழிஞ்சு பாருங்க, ருசியா இருக்கும்."

"திட்டத்துக்குப் பெண்களிடையே ஆர்வம்" என்று அதுவும் மேலிடத்துக்குப் போனது.

கதிர் பதராயிற்று. ஐப்பசி மழையில் திராட்சையும் முழங்கால் தண்ணீரில் நின்று அழுகியது. தங்கையன் நிவாரணம் கேட்டுப் போனான்.

"வறட்சின்னு எழுத முடியாது. வாய்க்கால்லதான் தண்ணி ஓடிச்சே," என்றார் அதிகாரி.

"அப்ப வெள்ளம்னு எழுதுங்க."

"வெள்ளம் வந்தப்ப உன் வயல்ல பயிரே இல்லையேப்பா."

கழகத்தின் ஆய்வுக் கூட்டம் கூடியது. திராட்சை அழுகியதை யாரும் தோல்வி என்று சொல்லவில்லை. கிரேக்கத் தீவின் வறண்ட நிலத்தைக் காவிரிக் கடைமடையில் உண்டாக்க முடியுமா என்பதே கேள்வி. முடியும் என்பதற்குத் தங்கையன் வயல் சான்று. அதிகாரிக்குப் பதவி உயர்வு. தங்கையனுக்கு "முன்னோடி விவசாயி" என்று பொன்னாடை.

மழை பொய்த்த ஆண்டுகள் உண்டு. ஆறு வராத ஆண்டுகளும் உண்டு. அவை எதுவும் தங்கையன் குடும்பத்தை நிலம் விற்க வைத்ததில்லை. கழகம் ஒரே பருவத்தில் விற்க வைத்தது.