நூறு டிராக்மாவும் ஒரு சனிக்கிழமையும்

ஒரு விடுகதை. நாற்பது டன் லாரியைத் தினம் தினம் நிறுப்பார். சொந்த வீட்டுக்குள் நுழைந்தால் அவருக்கே ஒரு கிராம் எடைகூட இருக்காது. யார்?

தலையைச் சொறிய வேண்டாம். கணேஸ்வரன்தான். செம்பனை எண்ணெய் ஆலையில் எடைப்பாலம் பார்க்கிறவர். பழக்குலை ஏற்றிய லாரி பாலத்தின்மேல் ஏறும், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எடையைக் குறிப்பார், சீட்டை நீட்டுவார், லாரி போய்விடும். எட்டு மணி நேரத்தில் அவர் காதில் விழும் மொத்தப் பேச்சு, "அண்ணே, சீட்டு."

புக்கிட் பெருவாங் வீட்டில் அதுவும் இல்லை. இரவு வேலை முடிந்து அவர் பகலில் தூங்குவதால், மனைவி விஜயராணியும் பத்து வயது மகள் தேவிஸ்ரீயும் குசுகுசுவென்று பேசப் பழகியிருந்தார்கள். பழக்கம் முற்றிப்போய், அவர் விழித்தபடி எதிரே உட்கார்ந்திருந்தாலும் குசுகுசுதான். "என்னம்மா பேசுறீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, நீங்க தூங்குங்க" என்பாள் மகள்.

மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை அவருக்கு லீவு. இந்த மாதச் சனிக்கிழமை மகள் தன்னோடுதான் இருக்க வேண்டும் என்று கணேஸ்வரன் மனத்துக்குள் சபதம் செய்தார். ஆனால் விஜயராணிக்கு மஸ்ஜித் தானா ஊரிலிருந்து கேக் ஆர்டர் வந்திருந்தது. கேக்கைக் கொடுத்துவிட்டு, அங்கேயே இருக்கும் அக்கா உஷாராணி வீட்டில் நாள் முழுக்க இருப்பதாகத் திட்டம். தேவிஸ்ரீயும் கூடப் போவதாக ஏற்பாடு.

அப்போதுதான் கிரேக்கர்கள் கைகொடுத்தார்கள். பள்ளிக் கண்காட்சிக்கு தேவிஸ்ரீ பண்டைய கிரேக்க நாணயங்களைப் பற்றிப் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஒரு டிராக்மா வெள்ளிக்காசு 4.3 கிராம் என்று அழகாக எழுதியிருந்தாள்.

"வெறும் கிராமா?" என்றார் கணேஸ்வரன், வெள்ளிக்கிழமை சாயங்காலம். "எல்லாரும் கிராம்தான் எழுதுவாங்க. நீ அவுன்ஸ்ல, பவுண்டுல எழுதணும்லா. பார்க்கிறவங்க அசந்து போவாங்க."

"கஷ்டமாப்பா?"

"கஷ்டமாவா! ஒரு நாள் முழுக்க ஆகும். போன்ல பார்க்கக் கூடாது. கையாலதான் போடணும்."

"அப்ப பெரியம்மா வீடு?"

"அம்மா போயிட்டு வரட்டும்."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே இருவரும் மேசையில் உட்கார்ந்தார்கள். ஒரு அவுன்ஸ் 28.35 கிராம். அப்படியானால் 4.3 கிராம் எத்தனை அவுன்ஸ்? கணேஸ்வரன் வகுத்தார். அழித்தார். பென்சிலைச் சீவினார். மறுபடி வகுத்தார். சீவின பென்சிலையே திரும்பவும் சீவினார். மகளின் தலை அவர் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. இந்தக் கணக்கு முடியவே கூடாது என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டார்.

பத்து மணிக்கு விஜயராணி கை நிறைய மாவோடு வந்து நின்றாள்.

"என்னங்க, தேவி இன்னும் குளிக்கலையா?"

"பெரிய கணக்கு ஓடுது."

"எத்தனை வரி முடிஞ்சது?"

"அரை வரி."

"ரெண்டு மணி நேரத்துலயா?"

"உனக்கு என்ன தெரியும்? ஒரு டிராக்மா முடியணும், நாலு டிராக்மா நாணயம் முடியணும். நூறு டிராக்மா சேர்ந்தா ஒரு மினா, அறுபது மினா சேர்ந்தா ஒரு டாலன்ட். எப்படியும் பொழுது சாஞ்சிரும்."

"நூறு டிராக்மா எத்தனை கிராம்?"

"நானூத்து முப்பதும்மா" என்றாள் தேவிஸ்ரீ.

விஜயராணி அடுப்படிக்குப் போனாள். கேக் நிறுக்கும் சின்னத் தராசோடு திரும்பி வந்தாள். கிண்ணத்தை வைத்து முள்ளை, இல்லை, எண்ணைச் சுழியமாக்கினாள். 430 கிராம் வரும்வரை சீனியைக் கொட்டினாள். பக்கத்திலிருந்த பொத்தானை ஒரு அமுக்கு அமுக்கினாள். தராசு 15.2 அவுன்ஸ் என்றது.

"பழைய கேக் குறிப்பெல்லாம் அவுன்ஸ்லதான் இருக்கு. இந்தப் பொத்தான் இல்லாட்டி என் பொழப்பு ஓடுமா? பதினஞ்சு வருஷமா நிறுக்கிறீங்களே, இது தெரியாதா?"

"எங்க பாலத்துல பொத்தானெல்லாம் கிடையாது. பத்துக் கிலோவுக்குக் கீழே அது எதையும் பார்க்காது."

"அதான் இந்த வீட்டுல இருக்கிறது எதுவும் உங்க கண்ணுல படல."

அதற்குள் தேவிஸ்ரீ எழுதத் தொடங்கிவிட்டாள். "நூறுக்கு 15.2ன்னா, ஒண்ணுக்கு 0.152. நாலுக்குக் கிட்டத்தட்ட 0.61. டாலன்ட்டுக்கு அறுபது மடங்கு, 912 அவுன்ஸ். பதினாறு அவுன்ஸ் ஒரு பவுண்டு... 57 பவுண்டு! அப்பா, முடிஞ்சிருச்சு!"

ஆறு நிமிடம். ஒரு சனிக்கிழமை ஆறு நிமிடத்தில் தீர்ந்துபோனது.

"இன்னும் கலர் அடிக்கணுமே" என்றார் கணேஸ்வரன். குரல் அவருக்கே கேட்கவில்லை.

விஜயராணி அவர் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த மாவைத் துடைத்தாள். இருபது வருடக் குடித்தனம், விஷயம் புரிந்துவிட்டது.

"சரி, நான் யாரையும் இழுத்துட்டுப் போகல. அவளே சொல்லட்டும். தேவி, அப்பாவோட இருக்கியா, என்னோட வர்றியா?"

தேவிஸ்ரீ படத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க கலர் அழகா அடிப்பீங்கதானே?"

"ரொம்ப அழகா அடிப்பேன்மா!"

"வெள்ளிக்காசுக்கு சாம்பல் கலர். கோடு தாண்டாம அடிங்க."

தேவிஸ்ரீ அம்மாவோடு போனாள்.