வார்டிலேயே குறைந்த பிரஷர்

ஆஸ்பத்திரிக்கு உடம்பைக் காட்டப் போகிறவர்கள் ஒரு ரகம். பரீட்சை எழுதப் போகிறவர்கள் இன்னொரு ரகம். நாம் பார்க்கப்போவது இரண்டாவது.

எப்படி அடையாளம் காண்பது? பல் டாக்டரிடம் போகிற அன்று மட்டும் மூன்று தடவை பல் தேய்ப்பார். எடை மெஷினில் ஏறுமுன் செருப்பு, பெல்ட், கடிகாரம், கடைசியில் கல்யாண மோதிரம் வரை கழற்றிவைத்து, மூச்சையும் வெளியே விட்டுவிட்டுத்தான் ஏறுவார். பிரஷர் பார்க்கக் கையை நீட்டினாலோ முகத்தில் முனிவர் களை சொட்டும். "நல்லா இருக்கே!" என்று நர்ஸ் சொல்ல வேண்டும். அதுதான் அவருக்கு மருந்து.

நெப்ராஸ்காவில் மாடு ஏலம் விடுகிற லூமிர் கோவாரிக் இந்த ரகத்தில் முதல் பெஞ்சு. ஏலக் கொட்டகையில் விலை எண்ணை ஏற்றுவது அவர் பிழைப்பு. தன் கையில் பிரஷர் பட்டை சுற்றினால் அந்த எண்ணை இறக்குவது அவர் பெருமை. அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. கதிர்வீச்சில் எச்சில் சுரப்பிகள் காய்ந்துபோகலாம் என்றார்கள். வாய் வறண்ட ஏலக்காரர் எதை விற்பது? அதனால் தினமும் கதிர்வீச்சுக்கு முன்னால், சுரப்பிகளைக் காக்க ஒரு மருந்தை நரம்பில் ஏற்ற ஏற்பாடு. அந்த மருந்து பிரஷரைப் பிடித்துக் கீழே தள்ளும். ஆகவே அவர் தினமும் போடும் பிரஷர் மாத்திரையை முந்தின நாளே நிறுத்தச் சொன்னார்கள்.

மாத்திரை இல்லாமல் பரீட்சைக்குப் போவதா? முதல் நாள் காலை, மனைவி அல்பீனா காரை எடுக்கப் போன நேரத்தில் ஒன்றை வாயில் போட்டார்.

நர்ஸ் ட்ரூடி பட்டையைச் சுற்றினாள். "அடேயப்பா, சின்னப் பையன் மாதிரி இருக்கே! மாத்திரை போடலையே?"

"சேச்சே!"

மருந்து இறங்கியது. எண்ணும் இறங்கியது. கூரை மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. ட்ரூடி சட்டென்று மருந்தை நிறுத்தி, தலையைத் தாழ்த்தி, காலைத் தூக்கிவைத்தாள்.

"லூமிர், நிஜத்தைச் சொல்லுங்க. மாத்திரை?"

"ஒண்ணே ஒண்ணு..."

"அட மனுஷா!" என்றாள் அல்பீனா. "வாய் காஞ்சுபோனா அப்புறம் காளையைக் கைஜாடையிலயா விப்பே?"

"அஞ்சு நிமிஷத்துல தொண்ணூறுக்கு ஏறினா மிச்சத்தைக் கொடுக்கலாம். இல்லேன்னா இன்னைக்கு அவ்வளவுதான்," என்றாள் ட்ரூடி. "இப்ப எண்பத்திரெண்டு."

வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் எண் ஏற வேண்டுமே என்று லூமிருக்குத் தவிப்பு. பழகிய வாய் சும்மா இருக்குமா? கால் மேலே, தலை கீழே, ஆரம்பித்துவிட்டார்: "எண்பத்திரெண்டு, எண்பத்திரெண்டு, எண்பத்தஞ்சு யாரு, யாரு, தொண்ணூறு கேக்கறேன், தொண்ணூறு..." பக்கத்துக் கட்டில் விவசாயி பழக்க தோஷத்தில் கையைத் தூக்கினார். மெஷின் உறுமி ஓய்ந்தது. எண்பத்திநாலு.

ட்ரூடி மருந்துப் பையைக் கழற்றினாள். அன்றைய கதிர்வீச்சுக்குச் சுரப்பிகள் அரைக் காப்போடு போயின. அல்பீனா மாத்திரை டப்பாவைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"நாளைக்குத் தொடவே மாட்டேன்," என்று இருவரிடமும் சத்தியம் செய்த லூமிர், சக்கர நாற்காலி நகரும்போது ட்ரூடியை மெல்ல அழைத்தார்.

"ஒண்ணு கேக்கணும். இன்னைக்கு இந்த வார்டுலயே எனக்குத்தானே கம்மி?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சர்க்கரைப் பரிசோதனை வருகிறதென்று ஒரு வாரமாக ஜாங்கிரி இருக்கும் பக்கம் திரும்பாமல் நடமாடுகிறீர்களே, யாரை ஏமாற்ற? அதுகூடப் போகட்டும். போன தடவை ரிப்போர்ட்டைச் சம்பந்தி வீட்டுக்கு எதற்கு எடுத்துப்போனீர்கள்?