ஃபோர்க்கில் அடைத்த களிமண்

எடப்பாடி

அன்புள்ள மாப்பிள்ளை பிரபாகருக்கு, உன் அக்கா வெண்ணிலாவின் வீட்டுக்காரன் நவநீதகிருஷ்ணன் எழுதிக்கொள்வது. இங்கு யாரும் நலமில்லை. நீ மட்டும் பெங்களூரில் நலமாக இருப்பாய் என்று நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சர்க்கரை ஏறிவிட்டது, சைக்கிள் ஓட்டுங்கள் என்று டாக்டர் சொன்னதும் உன்னைத்தானே கேட்டேன்? எங்கள் பக்கம் பாதி தார் ரோடு, மீதி மண் தடம், அதனால் பெரிய டயர் போடுகிற கிராவல் சைக்கிளே வாங்கிக்கொள்கிறேன் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டாயா? "கிராவல் தார்ல கனமா இழுக்கும் மாமா, ஆல்ரோடு வாங்குங்க, தாருக்கும் ஆச்சு மண்ணுக்கும் ஆச்சு" என்றாய். டயருக்கும் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்குக்கும் நடுவில் சுண்டுவிரல்கூட நுழையவில்லையே என்றதற்கு, "வெரல உட்டு என்னங்க பண்ணப் போறீங்க?" என்று சிரித்தாய்.

அந்தச் சந்துதான் வெள்ளிக்கிழமை உன் அக்கா மகள் கல்யாணத்தை விழுங்கியது.

நாமக்கல்லிலிருந்து மோனிஷாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் ஒரு சுற்றுப் போய் வந்துவிடலாம் என்று வாய்க்கால் கரையில் விட்டேன். முந்தின நாள் மழை. களிமண் டயரில் அப்பி, ஃபோர்க்கில் அடைத்து, முன் சக்கரம் சிமெண்ட் போட்ட மாதிரி நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை, நேராகச் சேற்றுக்குள் போனேன். உருளாத சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, சேறு சொட்டச் சொட்ட சங்ககிரி ரோட்டில் ஏறினால், ஒரு கார் பக்கத்தில் வந்து நிற்கிறது. வெள்ளைச் சட்டை போட்ட பையன் ஒருவன் இறங்கி, குச்சியை ஒடித்துச் சக்கரத்து மண்ணையெல்லாம் நோண்டி எடுத்தான். அவன் சட்டையும் பாழ். அவன் அப்பா காருக்குள் இருந்தபடியே கேட்டார்: "ஏனுங்க, தறிப்பட்டறை நவநீதகிருஷ்ணன் ஊடு எப்படிங்க போறது?"

நாந்தானுங்க அது என்று அந்தக் கோலத்தில் எப்படியடா சொல்வேன்? அவர்கள் வருவதற்குள் குளித்துவிடலாமென்று பூலாம்பட்டி ரோட்டைக் கைகாட்டிவிட்டேன். மனுஷர்கள் காவிரிக் கரை வரைக்கும் போய், திரும்பி, ராகு காலம் பிறந்த பிறகு வந்து சேர்ந்தார்கள். வேட்டி கட்டி, திருநீறு பூசி, வாசலில் நின்று கும்பிட்டேன். பையனின் அப்பா சின்னராஜ் என் காதையே உற்றுப் பார்த்தார். காதுக்குள் சேறு. "நீங்கதானுங்களே வழி சொன்னது?" என்றார். வைத்த காபி வைத்தபடி இருக்க, கிளம்பிவிட்டார்கள்.

மோனிஷா என்னோடு பேசுவதில்லை. உன் அக்கா பேசுகிறாள். அதற்கு அவளும் பேசாமல் இருக்கலாம். ஒழுங்கு மரியாதையாக வந்து உன் ஆல்ரோடை எடுத்துக்கொண்டு போ. இல்லாவிட்டால் அதன் மேல்தான் என் வேட்டி காயும்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உனக்குக் கிடையாது.

இப்படிக்கு,
கொதித்துக்கொண்டிருக்கும் மாமா,
நவநீதகிருஷ்ணன்

பி.கு.: கவரை ஒட்டப் போகையில் அந்தப் பையன் கௌதமன் வாசலில் வந்து நிற்கிறான். அப்பாவைச் சமாதானப்படுத்திவிட்டானாம். அவனும் மோனிஷாவும் வெள்ளிக்கிழமையிலிருந்தே போனில் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். அவளுக்குச் சம்மதம், ஆவணியில் கல்யாணம். சைக்கிளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டி மேல தப்பில்லீங்க மாமா. மட்கார்டு மாட்டி, இருந்த எடத்தையும் அடைச்சுட்டீங்க. அன்னிக்கே பாத்தனுங்க, சொல்லச் சங்கடமா இருந்துச்சு" என்கிறான். மட்கார்டு மாட்டாதீங்க என்று நீ போனில் தொண்டை கிழியக் கத்தியதாக வெண்ணிலா சொல்கிறாள். எனக்கு ஞாபகமில்லை. சைக்கிளை எடுக்க வராதே. நாளைக்கு நானும் புது மாப்பிள்ளையும் சைக்கிளில் சங்ககிரி போகிறோம். கல்யாணத்துக்கு வா. திட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். அடுத்த தப்புக்கு வைத்துக்கொள்.